எஃப்.சி.யில் லாரியின் வயரிங்கையும் பாருங்கள்

நெடுஞ்சாலையில் லாரி எரிந்து போனதாக வரும் செய்திகளில் பலவும் ஒரே மாதிரி முடிகின்றன. மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று தெரிகிறது, போலீஸார் விசாரிக்கிறார்கள். எந்தக் கம்பி உரசியது, அந்தக் கம்பிக்கு ஃப்யூஸ் இருந்ததா, இருந்தால் எத்தனை ஆம்பியர் என்ற கேள்விகள் பிறகு எழுவதே இல்லை. லாரி தீப்பிடிக்க வேறு காரணங்களும் உண்டு. பிரேக் பிடித்தபடியே ஓடிச் சூடேறிய சக்கரம், டீசல் குழாய்க் கசிவு, வைக்கோல் பாரத்தின் உச்சியில் உரசும் மின்வாரியக் கம்பி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஆனால் வண்டியின் சொந்த வயரிங்கில் பிறக்கும் தீ மட்டும்தான் மிகக் குறைந்த செலவில், ஏற்கெனவே கடையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, பெருமளவு தடுக்கக்கூடியது. பழைய லாரியில் பிற்பாடு இழுக்கப்பட்ட ஒவ்வொரு கம்பிக்கும், அது மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே தனி ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். அது இருக்கிறதா என்று தகுதிச் சான்றுச் சோதனையில், அதாவது எஃப்.சி.யில், பார்த்தாக வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது இவ்வளவுதான்.

நம் ஊர் லாரிகளின் வயரிங் இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. டாடா நிறுவனம் 1954இல் டெய்ம்லர் பென்ஸுடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட் வளர்ந்தது. பல பத்தாண்டுகளுக்கு இந்த ஆலைகளிலிருந்து வெளியே வந்தது முழு லாரி அல்ல. சேஸிஸும் என்ஜினும் டேஷ்போர்டும் முன்முகமும்தான் வந்தன. கேபினும் பாடியும் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் மரத்தாலும் தகட்டாலும் கட்டப்பட்டன. அந்தப் பட்டறைகளின் கைத்திறன் இந்தியா முழுக்கப் பெயர் பெற்றது. ஆனால் ஆலையில் பொறியாளர் வரைந்த வயரிங் படம் டேஷ்போர்டோடும் சேஸிஸோடும் நின்றுவிட்டது. கேபின் விளக்கு, கூரை விளக்கு, பக்கவாட்டு விளக்குகள் எல்லாம் பட்டறையில் சேர்ந்தவை. அவற்றுக்குப் படம் கிடையாது. எந்தக் கம்பி எங்கிருந்து கிளம்பி எந்த மரச்சட்டத்துக்குப் பின்னால் போகிறது என்பது அன்று வேலை பார்த்த எலக்ட்ரீசியனின் நினைவில் மட்டுமே இருந்தது. அந்த நினைவும் வண்டி கைமாறும்போது கூடப் போவதில்லை.

அதன்மேல் ஆண்டுதோறும் ஒன்று சேர்கிறது. ஏர் ஹாரன், ஸ்டீரியோ, கேபின் ஃபேன், கூடுதல் ஹெட்லைட், வண்ண எல்.இ.டி. வரிசை, செல்போன் சார்ஜர், ஜி.பி.எஸ். கருவி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. இவற்றில் சில டிரைவரின் ஆசைக்கு வருபவை, சில அரசே கேட்பவை. 2025 முதல் புதிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. அது நல்ல விதி. ஆனால் அதைப் பார்த்துப் பழைய வண்டிக்கும் குளிரூட்டி மாட்ட முனையும் உரிமையாளர்கள் வருவார்கள். அப்போது இழுக்கப்படும் கம்பி இதுவரை இழுத்த எதையும்விட அதிக மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். புதிதாக ஒன்றை மாட்டும்போது வழக்கமான வேலைமுறை இதுதான்: டெஸ்ட் லேம்ப்பைக் குத்திப் பார்த்து, எங்கே லைன் வருகிறதோ அங்கே தோலைச் சீவி, புதுக் கம்பியை முறுக்கி, டேப் சுற்றிவிடுவது. அல்லது நேராக பேட்டரி முனையிலிருந்தே எடுத்துவிடுவது. முதல் வழியில் ஆலை ஒரு விளக்குக்கென்று கணக்கிட்ட கம்பி மூன்று கருவிகளைச் சுமக்கிறது. இரண்டாவது வழியில் எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஒரு கம்பி வண்டியின் குறுக்கே ஓடுகிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய அச்சம்.

ஏன் என்று கணக்கோடு சொல்லலாம். லாரியில் பேட்டரியின் நெகட்டிவ் முனை சேஸிஸோடு இணைந்திருக்கிறது. ஆகவே அந்த இரும்புச் சட்டம் முழுவதுமே ஒரு மின்முனை. பாசிட்டிவ் கம்பியின் தோல் எங்கே தேய்ந்து இரும்பில் பட்டாலும் அது ஷார்ட்தான். மேடு பள்ளத்தில் நாளெல்லாம் அதிரும் வண்டியில், தகட்டில் போட்ட துளைக்கு ரப்பர் வளையம் வைக்காமல் கம்பியை நுழைத்திருந்தால் தோல் தேய்வது நிச்சயம். எப்போது என்பதுதான் தெரியாது. கனரக லாரிகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. அதிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி மூன்று மீட்டர் ஓடி, ஓரிடத்தில் சேஸிஸில் நன்றாகப் படிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கம்பியின் மின்தடையையும் பேட்டரிகளின் உள்தடையையும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 500 ஆம்பியர் பாயும். அந்த மூன்று மீட்டர் கம்பியில் மட்டும் ஒன்பது கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர்கள் நான்கின் சூட்டை, பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பிக்குள் அடைத்தது போன்றது அது. சாதாரண பி.வி.சி. தோல் 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. இங்கோ கம்பி ஓரிரு நொடிகளில் செந்தணலாகிவிடுகிறது. அதைச் சுற்றி இருப்பது பலகை, ரெக்ஸின், ஃபோம் மெத்தை. அந்த மெத்தையில்தான் டிரைவரும் கிளீனரும் இரவில் படுத்துத் தூங்குகிறார்கள்.

இதே கம்பியின் தொடக்கத்தில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருந்திருந்தால், அத்தனை மின்னோட்டத்துக்கு அது கண் இமைக்கும் நேரத்தில் அறுந்திருக்கும். கம்பி சூடாகவே நேரம் இருந்திருக்காது. இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்றவோ ஸ்டீரியோவைக் காப்பாற்றவோ வைக்கப்படுவது அல்ல. அது கம்பியைக் காப்பாற்ற வைக்கப்படுவது. அதனால்தான் அதன் அளவைக் கம்பியின் தடிமன் தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் அது கருவியின் பக்கம் இல்லாமல் பேட்டரியின் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டீரியோவுக்குப் பின்னாலேயே ஒரு ஃப்யூஸ் இருக்கிறதே என்று திருப்திப்படுவதில் பயன் இல்லை. பேட்டரியிலிருந்து அந்த ஃப்யூஸ் வரை ஓடும் நீளம் முழுவதும் காவலின்றிக் கிடக்கிறது.

ஃப்யூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃப்யூஸ் போடுவது, அதுவும் இல்லாவிட்டால் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றுவது, அல்லது கம்பியிலிருந்து சில இழைகளைப் பிரித்து முறுக்கி வைப்பது நம் சாலைகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைத் தாமிர இழை உருகுவதற்கே ஏறக்குறைய 13 ஆம்பியர் தேவை. ஐந்து இழையை முறுக்கினால் 60ஐ ஒட்டிப் போய்விடும். அவ்வளவு மின்னோட்டம் வருமுன் மெல்லிய விளக்குக் கம்பியின் தோல் உருகி ஒழுகிவிடும். இன்னொரு குழப்பம் நிறத்தால் வருகிறது. பழைய ஐரோப்பிய பாணி உருளை ஃப்யூஸில் வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. இன்றைய தட்டை வகையில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. பழைய பெட்டியைக் கழற்றிப் புதுப் பெட்டி மாட்டும்போது நிறத்தை மட்டும் பார்த்து மாற்றினால் காரணமே தெரியாமல் ஃப்யூஸ் அறுந்துகொண்டிருக்கும். அந்த எரிச்சலில்தான் இழைக் கம்பி உள்ளே நுழைகிறது. ஃப்யூஸ் தன் மதிப்பைத் தாண்டிய உடனே அறுந்துவிடுவதும் இல்லை. தட்டை ஃப்யூஸ் தன் அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக ஓடினால் நூறு மணி நேரம் தாங்க வேண்டும் என்பதே அதன் தரவிதி. 35 சதவீதம் கூடினால் அறுவதற்குப் பத்து நிமிடம் வரைகூட ஆகலாம். ஆகவே அது அடிக்கடி போகிறதென்றால் அங்கே உண்மையாகவே ஏதோ தவறு இருக்கிறது. அந்தத் தவறைத் தேடாமல் காவலை மட்டும் அகற்றுகிறோம்.

ஹெட்லைட் விஷயத்தில் இந்தச் சிக்கல் தானே வளரும் தன்மை கொண்டது. 12 வோல்ட் வண்டியில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, போகும் வழி வரும் வழி சேர்த்துப் பத்து மீட்டர், ஓடுவது 10 ஆம்பியர் என்றால், கம்பியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொலைந்துவிடுகிறது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். துருப்பிடித்த எர்த் முனையும் தேய்ந்த சுவிட்சும் சேர்ந்தால் இன்னும் மங்கும். வெளிச்சம் போதவில்லை என்று டிரைவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அதற்குத் தீர்வாக 60 வாட் இருந்த இடத்தில் 100 வாட் பல்பு போடுகிறார்கள். மின்னோட்டம் கூடுகிறது, கம்பியில் தொலைவதும் கூடுகிறது, வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அத்தனையும் டேஷ்போர்டில் இருக்கும் பழைய சுவிட்ச் வழியாகவே போகிறது. ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை ஃப்யூஸோடு நேராக விளக்குக்குக் கொண்டுபோனால், பழைய 60 வாட் பல்பே பளிச்சென்று எரியும். சுவிட்சுக்கு ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தைத் தவிர வேறு சுமை இருக்காது. பாதுகாப்பும் வெளிச்சமும் ஒரே வேலையில் கிடைக்கும்போது ஏன் செய்வதில்லை? கேட்டு வாங்கும் வழக்கம் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் ஸ்டீரியோ வைக்க, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுப்பதும் இதே வகைதான். ஒரு பேட்டரி கூடுதலாகத் தீர்கிறது, மற்றது தீர்வதில்லை. ஆல்டர்னேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்தே சார்ஜ் ஏற்றுகிறது. நிறைந்த பேட்டரி மேலும் மேலும் ஏற்றப்பட்டுக் கொதித்து ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது, குறைந்த பேட்டரி குறைந்தே கிடந்து சீக்கிரம் செத்துப்போகிறது. 24ஐ 12 ஆக்கித் தரும் சிறு கன்வர்ட்டர் ஒரு பேட்டரியின் விலைக்கு அருகில்கூட வராது.

ஃப்யூஸ் எல்லாத் தீயையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. தளர்ந்த ஜாயின்ட் ஒன்றில் மின்தடை 0.2 ஓம் ஆகிவிட்டால், வழக்கமான 10 ஆம்பியர் ஓடும்போதே அந்த ஒரு புள்ளியில் 20 வாட் வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் கூடவில்லை, ஆகவே ஃப்யூஸுக்கு எதுவும் தெரியாது. டேப் சுற்றிய முறுக்கு ஜாயின்ட்கள் கருகிக் கிடப்பது இதனால்தான். அதேபோல் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளுக்கு வழக்கமாக ஃப்யூஸ் வைப்பதில்லை. வண்டி கிளம்பும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதில் ஓடியாக வேண்டும். அந்த கேபிளுக்கு உறையும் கிளாம்ப்பும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சும்தான் காவல். ஜாயின்ட்டுக்கு லக் வைத்து அழுத்திப் பிடிப்பதும், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதும்தான் தீர்வு. ஃப்யூஸால் இயலாதவை இருப்பதால் ஃப்யூஸே வேண்டாம் என்றாகிவிடாது.

டிரைவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு, அதை நான் மிகவும் மதிக்கிறேன். நள்ளிரவில், எண்பது கிலோமீட்டர் வேகத்தில், ஹெட்லைட் ஃப்யூஸ் அறுந்து கண் முன்னே இருள் கவிந்தால் என்ன ஆவது? தீயைவிட அதுதானே உடனடி ஆபத்து? உண்மை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பழைய பொறியாளர்களே விடை வைத்திருந்தார்கள். இடது விளக்குக்கு ஒரு ஃப்யூஸ், வலது விளக்குக்கு ஒன்று, டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி. ஒன்று போனால் ஒரு பக்கம்தான் அணையும். அந்தப் பழைய பெட்டியில் எட்டோ பத்தோ இடங்கள் இருந்தது இதற்காகத்தான். பிற்பாடு வந்த வேலைகளில் எல்லாவற்றையும் ஒரே ஃப்யூஸில் தொங்கவிட்டதால்தான் ஒன்று போனால் எல்லாம் போகிற நிலை வந்தது. ஹாரனில் கோளாறு வந்தால் ஹெட்லைட் அணைகிற வண்டியில் குற்றவாளி ஃப்யூஸ் அல்ல, அதைப் பங்கிட்ட விதம். பிரித்துப் போட்டு, பெட்டியின் மூடிக்குள்ளேயே மாற்று ஃப்யூஸ்களையும் வைத்துவிட்டால் இந்த அச்சத்துக்கு இடமில்லை.

பழைய லாரிகளையே கழித்துக்கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது நகரத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் வாதம். 2021இல் வந்த பழைய வாகனக் கழிவுக் கொள்கைக்குப் பிறகு இந்தக் குரல் உரக்கக் கேட்கிறது. கொள்கை அதன் வேகத்தில் நடக்கட்டும். இன்று சாலையில் ஓடும் பழைய லாரி நாளை காலை மறைந்துவிடாது. ஒற்றை வண்டி வைத்து, தானே ஓட்டிப் பிழைப்பவர்களிடம்தான் அது கடைசியாக வந்து சேர்கிறது. அவர்களிடம் புது லாரி வாங்கச் சொல்வது எளிது, தவணை கட்டுவது எளிதல்ல. மேலும் பழைய லாரியின் வயரிங் எளிமையானது. கணினியோ சென்சாரோ இல்லை. டெஸ்ட் லேம்ப்பும் மல்டிமீட்டரும் வைத்திருக்கும் சாதாரண ஆட்டோ எலக்ட்ரீசியன் முழுவதையும் புரிந்துகொண்டு சரிசெய்ய முடியும். கைவிடத் தேவையே இல்லாத ஒன்றைக் கைவிடச் சொல்கிறோம். பாதுகாப்பில்லாமல் பின்னால் கம்பி இழுக்கும் பழக்கம் மாறாவிட்டால், இன்றைய புது லாரியும் பத்தாண்டில் அதே நிலைக்கு வந்துவிடும்.

கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. எஃப்.சி.யில் இன்னொரு கட்டம் சேர்த்தால் கைநீட்ட இன்னொரு சாக்கு கிடைக்கும் என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். டீசல், சுங்கம், டயர், இன்சூரன்ஸ் என்று நெருக்கப்பட்டிருப்பவர்களின் இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இப்போதைய சோதனை எதைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வாகனம் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஹெட்லைட் ஒளி எங்கே விழுகிறது, இண்டிகேட்டர் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, வைப்பர் ஓடுகிறதா என்று அன்று பார்க்கப்படுகிறது. மின்சாரம் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பது சோதனையின் கண்ணில் அழுத்தமாக விழுவதில்லை. வெள்ளித் தாள் சுற்றிய ஃப்யூஸோடும் அத்தனை விளக்கும் எரியும்! சேர்க்க வேண்டியதை அதிகாரியின் விருப்பத்துக்கு இடமில்லாதபடி எழுதலாம். பேட்டரி முனையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு மெல்லிய கம்பிக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா. ஃப்யூஸ் பெட்டியில் இழைக் கம்பியோ தாளோ இருக்கிறதா. தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா. கட்-ஆஃப் சுவிட்ச் வேலை செய்கிறதா. டார்ச் அடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம். பேட்டரிப் பெட்டியையும் ஃப்யூஸ் பெட்டியையும் படம் எடுத்துச் சான்றோடு இணைத்துவிட்டால் பேரத்துக்கு இடம் இன்னும் குறையும். 2021இல் விதிகள் வகுக்கப்பட்ட தானியங்கிச் சோதனை நிலையங்களில் இதைச் செய்வது இன்னும் எளிது.

இது நம்மால் முடியாத புது வித்தையும் அல்ல. பெட்ரோலியப் பொருள்களை ஏற்றும் டேங்கர்களுக்கு, கம்பிகளுக்குப் பாதுகாப்பும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடும் வேண்டுமென்று விதி எப்போதோ வந்துவிட்டது. சமையல் எரிவாயு டேங்கர் தொழிலின் தலைநகரம் என்றே சொல்லத்தக்கது நாமக்கல். டேங்கருக்கு முறையாக வயரிங் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கும் அதே ஊரில்தான் பஞ்சும் தேங்காய் நாரும் ஏற்றும் திறந்த லாரிகளுக்கும் வயரிங் வேலை நடக்கிறது. சிவகாசியிலிருந்து தீப்பெட்டியும் பட்டாசும் கிளம்புவதும் லாரிகளில்தான். டேங்கருக்குத் திறமையும் பொருளும் கிடைக்கின்றன என்றால் மற்ற லாரிக்கும் கிடைக்கும். டேங்கர்காரரைச் சட்டம் கேட்கிறது, மற்றவரை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பேருந்துகளின் என்ஜின் அறைக்குத் தீயைக் கண்டறிந்து அணைக்கும் கருவி வேண்டும் என்று விதி கொண்டுவந்த நாடு இது. லாரியின் கேபினில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள் என்பதற்காக அவர்களுக்கு ஃப்யூஸ்கூட வேண்டாம் என்று விட்டுவிட முடியாது.

ஆட்டோ எலக்ட்ரீசியன்களைக் குறைசொல்லி இதை முடித்துவிடக் கூடாது. எரியாத விளக்கை எரியவைத்தால்தான் அவர்களுக்குக் கூலி. எரியாமல் போன தீக்கு யாரும் கூலி தருவதில்லை. லோடு காத்திருக்க, அரை மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும் என்று அவசரப்படுத்துபவர் உரிமையாளர். சான்றுக்கு அது தேவை என்றானால்தான் அந்த வேலைக்கு விலை பிறக்கும். லாரி உரிமையாளர் சங்கங்கள் தங்கள் ஊர்ப் பட்டறைகளோடு பேசி, கம்பியின் தடிமனுக்கு எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் என்ற ஒரு பக்க அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கடையிலும் ஒட்டலாம். தொழிற்பயிற்சி நிலையங்களின் வாகன மின்சாரப் பிரிவு மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை லாரிப் பேட்டைகளுக்கு அழைத்துவந்து, இலவசமாக வயரிங் பார்த்துச் சொல்ல வைக்கலாம். மாணவர்களுக்கும் அது பயிற்சி. போக்குவரத்துத் துறை எட்டு வயதைத் தாண்டிய லாரிகளிலிருந்து தொடங்கட்டும். முதல் ஆண்டு யாருடைய சான்றையும் நிறுத்த வேண்டாம். கண்ட குறையை எழுதி உரிமையாளரிடம் கொடுத்தால் போதும். அடுத்த ஆண்டும் அதே குறை, அதே இடத்தில் இருந்தால் மட்டும் சரிசெய்து வரும்படி திருப்பி அனுப்பலாம்.